தண்ணீர் ஏன் கொட்டவில்லை? மொட்டை மாடியில் ஒன்றரை மணி நேர இயற்பியல்: முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை உட்காரவைத்து இந்தச் சோதனைகளைச் செய்துவருகிறேன். நான் ஊருக்குப் போகும் வாரங்களில் வேறு பெற்றோர்கள் நடத்துவார்கள். திரும்பி வந்து கேட்டால், “எல்லாம் நல்லாத்தான் செஞ்சோம், பசங்க கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியல” என்பார்கள். பார்த்தால், சோதனையில் கோளாறு இருக்காது. எதை முதலில் செய்வது, எதை எப்போது சொல்வது என்ற வரிசையில்தான் இருக்கும்.

அதனால் வரிசையை அப்படியே எழுதிவிடுகிறேன். ஒரே கேள்விதான்: தண்ணீர் எப்போது கொட்டும், எப்போது கொட்டாது? ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குச் சரியாக இருக்கும்.

1. முதல் நாளே சேர்த்து வைக்க வேண்டியவை

கண்ணாடி டம்ளர் ஒன்று, எவர்சில்வர் டம்ளர் ஒன்று. பழைய கல்யாணப் பத்திரிகைகள் நாலைந்து. கூல்டிரிங்ஸ் வந்த 2 லிட்டர் பாட்டில் ஒன்று, 1 லிட்டர் பாட்டில் இரண்டு, மூடியோடு. ஸ்ட்ரா, செல்லோ டேப், ஸ்கேல், சாக்பீஸ், ஓர் உருண்டை சப்பாத்தி மாவு, உள்ளங்கை அளவு கொசுவலைத் துண்டு, ரப்பர் பேண்டு, இரண்டு வாளித் தண்ணீர், தரை துடைக்கப் பழைய துணி.

பாட்டிலில் ஒரு விஷயம் முக்கியம். குடிதண்ணீர் விற்கும் மெல்லிய பாட்டில் வேண்டாம். அது கை பட்டாலே நசுங்கும், நசுங்கினால் தண்ணீர் பீய்ச்சும், சோதனை பாழ். சோடா, கூல்டிரிங்ஸ் பாட்டில்கள் உள்ளே இருக்கும் வாயுவைத் தாங்கக் கெட்டியாகச் செய்யப்பட்டவை. அவைதான் நமக்கு வேண்டும்.

ஓட்டை போடுவதை முதல் நாள் இரவே முடித்துவிடுங்கள். காம்பஸ் முள்ளை இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டிக் குத்தினால் ஓரம் பிசிறில்லாமல் சுமார் 2 மி.மீ. ஓட்டை விழும். இது பெரியவர்கள் செய்யும் வேலை. குண்டூசி ஓட்டை போதாது, தண்ணீர் பாயாமல் பாட்டிலின் மேலேயே வழியும். பென்சில் அளவு ஓட்டை போட்டாலும் தப்பு, ஏன் என்று நான்காவது பகுதியில் வரும்.

1 லிட்டர் பாட்டில்கள் இரண்டிலும் அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் ஒரே ஓர் ஓட்டை. 2 லிட்டர் பாட்டிலில் 5, 10, 15 செ.மீ. உயரங்களில் மூன்று. மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டாம், விரல் அகலம் தள்ளித் தள்ளிப் போடுங்கள். நேர்கோட்டில் இருந்தால் தாரைகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். போட்ட எல்லா ஓட்டைகளையும் டேப் ஒட்டி மூடிவையுங்கள்.

2. கையை நீட்டும் முன் கேள்வியை நீட்டுங்கள்

ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் “என்ன ஆகும்?” என்று கேட்டு, எல்லாரிடமும் ஒரு பதில் வாங்க வேண்டும். கை தூக்கினால் போதும்: கொட்டும் என்பவர்கள் ஒரு பக்கம், கொட்டாது என்பவர்கள் ஒரு பக்கம். நடுவில் நிற்க யாரையும் விடாதீர்கள்.

ஒரு பக்கம் சேர்ந்துவிட்ட பிள்ளைக்கு ஜெயிக்கிறோமா தோற்கிறோமா என்ற அக்கறை வந்துவிடும். பதில் சொல்லாமல் வேடிக்கை பார்த்த பிள்ளை, நடந்தது எதுவானாலும் “எனக்கு அப்பவே தெரியும்” என்று சொல்லிவிட்டு மறந்துவிடும்.

“ஏன் அப்படி நினைக்கிறாய்?” என்று ஒருவரிடமாவது கேளுங்கள். அந்தப் பதிலைத் திருத்தாதீர்கள். திருத்தினால் அடுத்த சோதனையில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

3. கவிழ்த்த டம்ளர்

கண்ணாடி டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். கல்யாணப் பத்திரிகையிலிருந்து டம்ளர் வாயைவிடச் சற்றுப் பெரிய துண்டு வெட்டி மேலே வையுங்கள். உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே டம்ளரைக் கவிழ்த்து, அப்புறம் கையை மெல்ல எடுங்கள். அட்டை நிற்கும், தண்ணீரும் நிற்கும்.

பத்திரிகையை நான் சும்மா சொல்லவில்லை. பளபளப்பான தாள் சீக்கிரம் ஊறாது, விளிம்போடு ஒட்டிப் படியும். செய்தித்தாள் ஊறிக் கிழியும், தடிமனான பெட்டி அட்டை படியாது. விளிம்பு உடைந்த டம்ளரும் உதவாது.

இப்போது விளக்கம் சொல்லலாம், ஆனால் எண்ணோடு சொல்லுங்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்று, ஒவ்வொரு சதுர செ.மீ. மேலும் ஏறக்குறைய 1 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. எல்லாப் பக்கத்திலிருந்தும் அழுத்துகிறது, கீழிருந்து மேலாகவும்தான். டம்ளரின் வாய் 7 செ.மீ. அகலம் என்றால் பரப்பு சுமார் 38 சதுர செ.மீ. அப்படியானால் அட்டையைக் காற்று கீழிருந்து தள்ளுவது சுமார் 38 கிலோ அரிசியைத் தூக்கும் அளவு. உள்ளே இருக்கும் தண்ணீரோ 200 கிராம், 300 கிராம்.

புதிதாக நடத்துபவர்கள் இதோடு நிறுத்திவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுவார்கள். போகக் கூடாது. அதே டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றி மறுபடி கவிழ்க்க வேண்டும். என்ன ஆகும் என்று கேட்டால் பெரும்பாலும் “கொட்டும்” பக்கம்தான் கூட்டம் சேரும். கொட்டாது.

அப்போது ஒரு கேள்வி வரும். எங்கள் மாடியில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டது: “மாமா, உள்ளயும்தான் பாதி காத்து இருக்கு. வெளிக்காத்து மேல தள்ளுனா, உள்காத்து கீழ தள்ளும்ல? ரெண்டும் சரியாப் போச்சுன்னா தண்ணியோட எடையை யார் தாங்குறது?”

அருமையான கேள்வி. முதல் விளக்கம் பாதிதான் என்பதை அவன் பிடித்துவிட்டான். “காற்று தள்ளுது, அவ்வளவுதான்” என்று மழுப்பினால் அந்தப் பையன் அடுத்த வாரம் வர மாட்டான்.

அட்டையை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். கையை எடுத்ததும் அது துளி கீழே தொய்ந்திருக்கும். தண்ணீர் ஒரு மயிரிழை இறங்கியிருக்கிறது. அந்த அளவுக்கு உள்ளே அடைபட்ட காற்றுக்கு இடம் கூடியிருக்கிறது. இடம் கூடினால் அழுத்தம் குறையும். எவ்வளவு குறைய வேண்டும்? வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும். நம் டம்ளரில் 5 செ.மீ. தண்ணீர்தான், அதாவது 200-இல் ஒரு பங்கு. உள்ளே 100 மி.லி. காற்று இருந்தால், அது அரை மி.லி. விரிந்தாலே கணக்குச் சரியாகிவிடும். அட்டை தொய்ந்தது அந்த அரை மி.லி.க்குத்தான்.

அட்டைக்கும் விளிம்புக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளியை, தண்ணீரின் பரப்பு இழுவிசை தோல்போல மூடிக்கொள்கிறது. அதனால்தான் வெளிக்காற்று குமிழியாக உள்ளே ஏறவில்லை. இதைச் சொல்லால் நம்பவைப்பது கஷ்டம், காட்டிவிடுங்கள். எவர்சில்வர் டம்ளரின் வாயில் கொசுவலையை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, வலை வழியாகவே தண்ணீர் நிரப்பி, கையால் மூடிக் கவிழ்த்துக் கையைப் பக்கவாட்டில் இழுத்துவிடுங்கள். ஓட்டை ஓட்டையாக இருக்கும் வலையிலேயே தண்ணீர் நிற்கும். டம்ளரைச் சாய்த்தால் அப்படியே கொட்டிவிடும், சாய்ந்த பக்கம் தண்ணீர் வெளியேற, உயர்ந்த பக்கம் காற்று ஏறிவிடுகிறது. அடுத்த தடவை தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுப் பாருங்கள். பரப்பு இழுவிசை குறைந்து, எவ்வளவு நேராகப் பிடித்தாலும் ஒழுகும்.

இந்த ஒரு பகுதிக்கே அரை மணி நேரம் போய்விடும். போகட்டும்.

4. ஒற்றை ஓட்டைப் பாட்டில்

1 லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக மூடி, ஓட்டையின் மேலுள்ள டேப்பை எடுங்கள். ஒன்றிரண்டு நொடி கசிந்துவிட்டு நின்றுவிடும். மூடியைத் திறந்தால் தாரையாகப் பாயும். மூடினால் நிற்கும். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு மூடியைத் திருகச் சொல்லுங்கள், மந்திரவாதி ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்ளும்.

வழக்கமாக நடக்கும் தப்பு, பாட்டிலை உடம்பில் பிடித்துத் தூக்குவது. மூடியிருந்தாலும் விரல் அழுத்தியதும் தண்ணீர் பீய்ச்சும், உடனே “அங்கிள், உங்க சோதனை ஃபெயிலு” என்று ஒரு குரல் வரும். கழுத்தில் பிடியுங்கள், இல்லையென்றால் ஸ்டூலில் வைத்துவிடுங்கள். ஆரம்பத்தில் வரும் கசிவைக் கண்டு பதற வேண்டாம். டம்ளர் அட்டை தொய்ந்ததுபோல, உள்ளழுத்தம் குறைய அந்தக் கொஞ்சம் தண்ணீர் வெளியே வந்தாக வேண்டும். பிள்ளைகளையே சொல்லவையுங்கள், மூன்றாவது பகுதியை ஒழுங்காகச் செய்திருந்தால் சொல்வார்கள்.

பென்சில் அளவு ஓட்டை ஏன் கூடாது என்பதும் இங்கேதான். பெரிய ஓட்டையின் கீழ்ப்பாதியில் தண்ணீர் வெளியேறும், மேல்பாதியில் காற்று உள்ளே போகும். ‘களக் களக்’ என்று ஒழுகிக்கொண்டே இருக்கும். சின்ன ஓட்டையில் பரப்பு இழுவிசை அதை விடுவதில்லை.

வீட்டில் இதை எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்று இப்போது கேளுங்கள். எண்ணெய் டின்னில் ஏன் இரண்டு ஓட்டை குத்துகிறோம், கவிழ்த்துவைத்த 20 லிட்டர் தண்ணீர் கேன் டம்ளர் பிடிக்கும்போது மட்டும் ஏன் குமிழி விடுகிறது என்று அவர்களே அடுக்குவார்கள். பதிலை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாமல் இருப்பதுதான் சிரமம்.

5. உறிஞ்ச முடியாத ஸ்ட்ரா

வெயில் ஏறியிருக்கும், ஆளுக்கொரு டம்ளர் எலுமிச்சை ஜூஸ் கொடுக்கச் சரியான நேரம். ஒருவருக்கு மட்டும் வேறொரு புது பாட்டிலில் முழுக்க நிரப்பி, ஸ்ட்ராவைச் சுற்றிக் கழுத்தைச் சப்பாத்தி மாவால் இடுக்கு இல்லாமல் அடைத்துக் கொடுங்கள். கன்னம் ஒட்ட உறிஞ்சினாலும் ஒரு மிடறுக்குமேல் வராது. மாவில் ஸ்கேல் முனையால் ஒரு வழி விட்டால் சர்ரென்று வரும்.

நாம் ஜூஸை இழுப்பதில்லை. வாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறோம், ஜூஸை மேலே தள்ளுவது வெளிக்காற்று. பாட்டில் முழுக்க நிரம்பியிருக்க வேண்டும். பாதி காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து இரண்டு மூன்று வாய் கொடுத்துவிடும். சுத்தமான மாவு, சுத்தமான பாட்டில் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

6. மூன்று ஓட்டை: பாடப்படத்தை நம்பாதீர்கள்

2 லிட்டர் பாட்டிலை மாடித் தரையிலேயே வையுங்கள். ஸ்டூலில் அல்ல. அடியிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் கோடு போட்டு, அதுவரை தண்ணீர் ஊற்றுங்கள். மூடி திறந்தே இருக்கட்டும். கேள்வி: எந்த ஓட்டைத் தண்ணீர் அதிக தூரம் போய் விழும்?

எல்லாரும், பெரியவர்கள் உட்பட, “அடி ஓட்டை” என்பார்கள். ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடும் என்பதைக் காட்ட, பல புத்தகங்களில் அடி ஓட்டைத் தாரை மட்டும் நீளமாகப் பாயும் படம் இருக்கும்.

டேப்பை எடுங்கள். நடு ஓட்டைத் தண்ணீர்தான் தூரம் போகும். மேல் ஓட்டையும் அடி ஓட்டையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். தரை ஈரத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள்.

காரணம் இரண்டு விஷயங்களுக்கு நடுவே நடக்கும் இழுபறி. அடி ஓட்டைத் தண்ணீருக்கு வேகம் அதிகம், அழுத்தம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் 5 செ.மீ. விழுந்ததும் தரை வந்துவிடுகிறது, பறக்க நேரமில்லை. மேல் ஓட்டைத் தண்ணீருக்கு 15 செ.மீ. விழ நேரமிருக்கிறது, வேகம் இல்லை. நடுவில் உள்ளதற்கு இரண்டும் ஓரளவு உண்டு.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் கணக்கையும் காட்டலாம். ஓட்டைக்கு மேலுள்ள தண்ணீர் உயரத்தையும் ஓட்டைக்குக் கீழுள்ள உயரத்தையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கினால் தூரம். நடு ஓட்டைக்கு 10 × 10, அதனால் 20 செ.மீ. மற்ற இரண்டுக்கும் 15 × 5, அதனால் சுமார் 17 செ.மீ. அளந்தால் ஓரிரு செ.மீ. குறைவாகவே வரும், ஓட்டையில் உராய்வு உண்டு.

அப்புறம் அதே பாட்டிலை 45 செ.மீ. உயர ஸ்டூலில் தூக்கிவைத்துத் திரும்பச் செய்யுங்கள். இப்போது அடி ஓட்டை ஜெயிக்கும். கணக்கில் சுமார் 55, 47, 35 செ.மீ. வரும். தரை வெகு கீழே போய்விட்டதால் எல்லாத் தாரைக்கும் விழ நேரம் கிடைத்துவிட்டது, வேகம்தான் முடிவு செய்கிறது. புத்தகப் படம் சரியாக வருவது இப்படி வைத்தால்தான்.

இங்கே சறுக்குவது தண்ணீர் மட்டத்தில். பாயப் பாய மட்டம் இறங்கும், தூரமும் மாறும். ஒருவர் சொம்பால் கோடு வரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாக ஊற்றினால் தண்ணீர் உள்ளே குதித்துத் தாரை ஆடும், பாட்டில் வாயோரமாக விடச் சொல்லுங்கள்.

முடிக்கும் முன் மூடியை இறுக மூடிக் காட்டுங்கள். ஒற்றை ஓட்டையில் நின்ற தண்ணீர் இங்கே நிற்காது: மேல் ஓட்டை வழியே காற்று குமிழியாக உள்ளே ஏற, கீழுள்ள இரண்டும் ஒழுகும். இந்தப் பாட்டிலை முதலில் எடுத்துவிட்டால் மூடி விளையாட்டு புரியவே புரியாது. ஒற்றை ஓட்டைப் பாட்டிலைத் தனியாக, முன்னால் வைத்தது அதற்காகத்தான்.

7. விழும் பாட்டில்

இரண்டாவது 1 லிட்டர் பாட்டிலை எடுத்து, முக்கால்வாசி நிரப்பி, மூடியைக் கழற்றி ஓரமாக வையுங்கள். டேப்பை எடுத்தால் பாயும். பாயும்போதே பாட்டிலை மேலிருந்து நழுவவிட்டால், விழுந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் பாயுமா?

முதல் தடவை இதைச் செய்தபோது நான் ஓர் அசட்டுத்தனம் செய்தேன். தரையெல்லாம் நனையுமே என்று மூடியைப் போட்டுக்கொண்டு விட்டேன். பாயவில்லை, பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி, “மூடி போட்டா சும்மாவே பாயாதே மாமா” என்றாள். மூடி திறந்திருந்தால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம் உண்டு.

ஸ்டூலில் நின்று கையை உயர்த்தி, கழுத்தை இரண்டு விரலால் பிடித்து, கீழே வாளி வைத்து விடுங்கள். சுற்றிவிடாமல் நேராக விட வேண்டும், சுழன்றால் தண்ணீர் வாய் வழியாகச் சிதறும். 2 மீட்டர் விழ 0.64 நொடிதான் ஆகும், கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. போனில் ஸ்லோ மோஷனில் எடுத்து எல்லாருக்கும் காட்டுங்கள். கை விட்ட கணத்தில் தாரை அறுபடுவது தெளிவாகத் தெரியும். கைப்பிடிச் சுவரின் பக்கம் போகவே வேண்டாம், மாடியிலிருந்து கீழே போட ஒரு பிள்ளை கட்டாயம் ஆசைப்படும்.

விளக்கம் சுருக்கமானது. பாட்டில் கையில் இருக்கும்போது மேலே உள்ள தண்ணீர் கீழே உள்ள தண்ணீரை அழுத்துகிறது, அந்த அழுத்தம் ஓட்டை வழியே தள்ளுகிறது. பாட்டிலும் தண்ணீரும் ஒன்றாக, ஒரே மாதிரி விழும்போது எதுவும் எதன் மேலும் அழுத்துவதில்லை. தள்ள ஆளில்லை.

அடுத்த கேள்விதான் இந்தக் காலையின் உச்சம். பாட்டிலை மேல் நோக்கித் தூக்கிப் போட்டால், மேலே போகும்போது பாயுமா? “மேலே போறப்ப பாயும், கீழ வர்றப்ப நிக்கும்” என்று முக்கால்வாசிப் பேர் சொல்வார்கள். இருவரை எதிரெதிரே நிற்கவைத்துத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி வீடியோ எடுங்கள். கையை விட்டது முதல் பிடிக்கும் வரை, மேலே போகும்போதும் பாயாது. கையை விட்ட நொடியிலிருந்து பாட்டில் மீதும் தண்ணீர் மீதும் செயல்படுவது புவியீர்ப்பு மட்டும்தான், போகும் திசை எதுவானால் என்ன?

விண்வெளி வீரர் மிதப்பது பற்றிப் பேச்சு இங்கே தானாக வரும். “அங்கே ஈர்ப்பு இல்லை” என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில்தான் சுற்றுகிறது. அங்கே ஈர்ப்பு தரையில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் உண்டு. நிலையமும் வீரரும் சேர்ந்து விழுந்துகொண்டே பூமியைச் சுற்றுகிறார்கள், நம் பாட்டிலும் தண்ணீரும்போல.

8. மெழுகுவத்தியை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்

தட்டில் தண்ணீர் ஊற்றி, எரியும் மெழுகுவத்தியை டம்ளரால் மூடினால் தண்ணீர் உள்ளே ஏறும். பலரும் இதை ஆவலாகச் சேர்ப்பார்கள், “ஆக்சிஜன் தீர்ந்துபோன இடத்துக்குத் தண்ணீர் வந்தது” என்று விளக்கம் சொல்வார்கள். அது தப்பு. தண்ணீர் பெருமளவு ஏறுவது சுடர் அணைந்த பிறகு, சூடான காற்று குளிர்ந்து சுருங்கும்போதுதான். மூன்று மெழுகுவத்தி வைத்தால் இன்னும் உயரம் ஏறும், டம்ளரில் இருக்கும் ஆக்சிஜன் என்னவோ அதே அளவுதான்.

இதை ஒழுங்காகச் சொல்ல வெப்பம் பற்றிப் பேச வேண்டும். தனியாக ஒரு வாரம் வையுங்கள்.

9. மாடியை விட்டு இறங்கும் முன்

ஈரத் தரை வழுக்கும், முதலில் துடைத்துவிடுங்கள். பிள்ளைகளையே துடைக்கச் சொன்னால் பாதி தண்ணீரை ஒருவர் மேல் ஒருவர் தெளித்துத் தீர்த்துவிடுவார்கள், பரவாயில்லை.

ஒற்றை ஓட்டைப் பாட்டில்களைத் தூக்கிப் போட வேண்டாம். மாடித் தோட்டத் தொட்டியில் ஓட்டை செடியைப் பார்க்கும்படி வைத்துத் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கமாக மூடிவிட்டு, பிறகு ஒரு மயிரிழை தளர்த்தினால் சொட்டுச் சொட்டாக விழும். தளர்த்தும் அளவைப் பொறுத்துச் சொட்டின் வேகம் மாறும். எங்கள் மாடியில் கத்தரிச் செடிக்கு அப்படித்தான் போகிறது, மூடியை எவ்வளவு திருக வேண்டும் என்று சரிபார்ப்பது அந்தக் கடைசி வரிசைச் சிறுமியின் பொறுப்பு.